அலுமினியம் சேர்த்தால் காந்தமாக்கம் ஏன் விழுகிறது?

தம்பி, ஸ்ட்ரோன்சியம் ஃபெரைட் என்ற நிரந்தரக் காந்தப் பொருளில் அலுமினியம் கூடக்கூடக் காந்தமாக்கம் குறைகிறது, ஆனால் கொயர்சிவிட்டி, அதாவது காந்தமாக்கத்தைப் பூச்சியமாக்கத் தேவையான எதிர்ப்புலம், ஏறுகிறது, எங்கே பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையே இல்லை, அப்படித்தான் வரும். எம் வகை என்ற இந்தப் பொருளின் பளிங்கு அமைப்பில் ஒரு சூத்திர அலகிலுள்ள 12 இரும்பு அயன்களில் எட்டின் காந்தத் திருப்புத்திறன் மேல்நோக்கியும் நாலினுடையது கீழ்நோக்கியும் நிற்கும்; மிச்சம் நாலு, ஒன்றுக்கு 5 போர் மாக்னெட்டன் (அணுக்களின் திருப்புத்திறனை அளக்கும் அலகு), ஆக 20. அலுமினியத்துக்கோ திருப்புத்திறனே கிடையாது, அது பெரும்பாலும் 2ஏ, 12கே என்ற மேல்நோக்கிய இடங்களில் போய் உட்காருவதால் கூட்டுத்தொகை விழுகிறது. காந்தமாக்கத்தை ஒரே அச்சில் பிடித்துவைக்கும் திசைமாறுபாட்டு மாறிலி அந்த வேகத்தில் விழாது, அதனால் அந்த அச்சிலிருந்து அதைத் திருப்பத் தேவையான திசைமாறுபாட்டுப் புலம் ஏறும், மணிகளும் சிறிதாகும், கொயர்சிவிட்டி கூடத்தானே செய்யும்? கோபால்ட்டும் டைட்டானியமும் சேர்த்துப் போட்டிருந்தால் கொயர்சிவிட்டி சரசரவென்று இறங்கியிருக்கும்.

நான் கவலைப்படுவது வேறு. 1.5 டெஸ்லா வரைதான் அளந்தேன் என்கிறீர்கள், அதில் இந்தப் பொருள் பூரிதமாகாது, அதாவது காந்தமாக்கம் இதற்குமேல் ஏறாது என்ற நிலைக்கு வராது, அந்த எண்ணைப் பூரிதக் காந்தமாக்கம் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், அலுமினியத்துக்காக நீங்கள் சேர்க்கும் அலுமினியம் நைத்திரேற்று ஈரத்தை இழுக்கும். பேராதனை மழையில் போத்தலைத் திறந்துவைத்து நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுப்பீர்கள், அலுமினியம் கணக்கை விடக் குறைவாகப் போகும். செப்புக் கதிரில் எடுத்த எக்ஸ் கதிர் வரைபில் 33 பாகைப் பக்கம் ஹேமடைட் என்ற இரும்பு ஒட்சைட்டின் உச்சி இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.