கேள்வி – பதில்: குண்டு விழுந்த ஓடுதளமும் ராணுவம் தள்ளிய பாலமும்

போரில் விமான ஓடுதளம் குண்டு விழுந்து பள்ளமானால் சில மணி நேரத்தில் சரிசெய்துவிடுகிறார்களாமே? மண்ணைக் கொட்டி, ரோலர் ஓட்டி, மேலே கான்கிரீட் போட்டால் ஆயிற்றா?
– சேலம் வாசகர்

ஆகாது. சில விமானங்கள் ஓடியதுமே அந்த இடம் உட்கார்ந்துவிடும். குண்டு பள்ளம் தோண்டுவதோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள தளத்தையும் அடியிலிருந்து தூக்கிவிடுகிறது. பார்க்க முழுசாக இருக்கும் கான்கிரீட்டின் கீழே மண் குலைந்து கிடக்கும், சில இடங்களில் வெற்றிடமாகவே இருக்கும்.

சேதத்தையும் வெடிக்காத குண்டுகள் கிடக்கும் இடங்களையும் கண்டறிந்ததும் முதல் வேலை, எதைச் சரிசெய்ய வேண்டாம் என்று முடிவு செய்வதுதான். போர் விமானத்துக்கு முழு ஓடுதளமும் தேவையில்லை. ஏறத்தாழ 5,000 அடி நீளம், 50 அடி அகலம் போதும். எந்தப் பட்டையில் பள்ளம் குறைவோ அதைத் தேர்ந்தெடுத்து, மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

அடுத்தது அளப்பது. பள்ளத்தின் விளிம்பிலிருந்து வெளியே நூல் பிடித்தோ, நீண்ட மட்டப்பலகை வைத்தோ தளம் எங்கே பழைய மட்டத்துக்குத் திரும்புகிறது என்று பார்த்துக் குறி போடுவார்கள். குறிக்கு உள்ளே இருக்கும் கான்கிரீட் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வெளியேற வேண்டும். இதில் கஞ்சத்தனம் பிடித்துக் குறியை உள்ளே தள்ளிப் போட்டால், புதிய ஒட்டு நிற்கும், அதைச் சுற்றியுள்ள பழைய தளம் உடைந்து இறங்கும்.

குறியை ஒட்டிச் சதுரமாகத்தான் வெட்டுவார்கள். சக்கர ரம்பம் நேராகத்தான் போகும் என்பது ஒரு காரணம். செங்குத்தான விளிம்பு கிடைத்தால் மேல்மூடி எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் அமையும் என்பது முக்கியமான காரணம். ஓரத்தில் மெலிந்துபோகும் கான்கிரீட் சக்கரம் பட்டதும் பொடியாகும். பிறகு பிரேக்கர் போட்டு உடைத்து, தோண்டி, தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டு, ஜல்லியை ஆறங்குல அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் திமிசு கட்டுவார்கள். அடியில் சேறாக இருந்தால் முதலில் பெரிய கற்களைப் போட்டு அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பார்கள். துணி இல்லையென்றால் ஜல்லி சேற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

நேரம் இதைவிடக் குறைவென்றால் ஜல்லிக்குப் பதிலாகத் தானே பரவி இறுகும் நீர்த்த சிமென்ட் கலவையை ஊற்றுவதுண்டு. மேலே பத்து அங்குலம் சீக்கிரம் இறுகும் கான்கிரீட். எட்டரை அடிச் சதுரத்துக்கு 60 கன அடி பிடிக்கும். மட்ட வேறுபாடு முக்கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கடைசியாகத் தளத்தைப் பெருக்குவார்கள். சிரிக்காதீர்கள், ஒரு சிறு கல்லை ஜெட் எஞ்சின் உறிஞ்சினாலும் விசிறித் தகடுகள் போய்விடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, மேலே சிறு ஓட்டை மட்டும் தெரிந்து, உள்ளே ஆழத்தில் வெடித்துக் குகைபோல் வெற்றிடம் உண்டாக்கிய குண்டு. அந்த ஓட்டையைப் பூசி மூடினால் விமானத்துக்குப் பொறி வைத்த மாதிரி.

இரண்டு மணி நேரத்தில் விமானம் ஏறக்கூடிய சிமென்ட் இருந்தால் நமக்கு ஏன் அதைத் தருவதில்லை? வீட்டு வாசல் சாலையை ஏழு நாள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.
– மதுரை வாசகர்

இருக்கிறது. கால்சியம் சல்போஅலுமினேட் சிமென்ட் என்பது அதன் பெயர். நாம் வாங்கும் சிமென்ட்டுக்கு வலுவைத் தருவது மெதுவாக வினைபுரியும் சிலிகேட்டுகள். அதனால்தான் வலு முழுதாக வர 28 நாள் கணக்கு. சல்போஅலுமினேட் சிமென்ட்டில் எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகங்கள் மளமளவென்று வளர்ந்து பின்னிக்கொள்கின்றன.

வேகமே இதன் வில்லங்கமும். கலந்ததிலிருந்து கால் மணி நேரம் கையில் இருந்தால் அதிகம். டிரான்சிட் மிக்சரில் கொண்டுவந்தால் டிரம்முக்குள்ளேயே கல்லாகிவிடும். ஆகவே மணல், ஜல்லி, சிமென்ட், தண்ணீர் எல்லாவற்றையும் தனித்தனித் தொட்டியில் ஏற்றிவந்து, வாய்ப்பக்கத்துத் திருகில் மட்டும் கலக்கும் வண்டியைப் பயன்படுத்துகிறார்கள். வெயில் கடுமையாக இருந்தால் கலவை இன்னும் சீக்கிரம் இறுகும். அதைத் தள்ளிப்போட சிட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள் – ஆம், எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான். அளவு கூடினால் மாலைவரை இறுகாது.

கை ஓடவில்லையென்று தண்ணீரைக் கூட்டுவது இங்கேயும் பெரிய பாவம். பாதியில் கலவை தீர்ந்து நின்றால், பழையதும் புதியதும் ஒட்டாத இணைப்பு விழும். அங்கேதான் பிளக்கும். ஆகவே ஒரு சதுரத்துக்கு வேண்டியதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, தொடங்கினால் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். விலையும் சாதாரண சிமென்ட்டைவிட மிகக் கூடுதல். உங்கள் தெருவுக்கு இந்தச் சிமென்ட் வேண்டாம். அடித்தளத்தை ஒழுங்காகத் திமிசு கட்டினாலே ஏழு நாள் காத்திருந்ததற்குப் பலன் கிடைக்கும்.

கான்கிரீட்டே இல்லாமல் அலுமினியப் பலகை விரித்து விமானம் இறக்குகிறார்களாமே?
– நாகர்கோவில் வாசகர்

ஏஎம்-2 என்ற பலகை. 12 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். ஒன்றோடொன்று கோத்துச் செங்கல் கட்டுப்போல் இணைப்பு மாற்றி விரிப்பார்கள். 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போருக்குப் பின், அத்தீவுகளின் தலைநகர் ஸ்டான்லியின் ஓடுதளத்தை 4,100 அடியிலிருந்து 6,100 அடியாக நீட்டியது இதை வைத்துத்தான். அந்த அக்டோபரிலேயே ஃபான்டம் போர் விமானங்கள் வந்து இறங்கின. ஆனால் பள்ளத்துக்கு மேல்மூடியாக விரித்தால் ஒன்றரை அங்குல மேடு விழும், அதற்குச் சரிவு ஓரம் வைக்க வேண்டும். அடியில் மண் இளகினால் பலகையும் சேர்ந்து வளையும்.

வயநாட்டில் ராணுவம் பெரிய கிரேன் இல்லாமல் ஆற்றைத் தாண்டி இரும்புப் பாலம் போட்டது எப்படி?
– கோவை வாசகர்

2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பின், சூரல்மலையிலிருந்து முண்டக்கைக்கு 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் முடித்தது மெட்ராஸ் என்ஜினீயர் குரூப். ராணுவத்தில் ‘தம்பி’கள் என்று பெயரெடுத்த பெங்களூரு படைப்பிரிவு. பாலம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டொனால்ட் பெய்லி வடிவமைத்தது. 10 அடி நீளச் சட்டகம், எடை ஏறத்தாழ 260 கிலோ, ஆறு பேர் தூக்கலாம். 190 அடிக்கு 19 கட்டங்கள். பக்கத்துக்கு ஒரு சட்டகம் என்றாலே 38 வேண்டும். பளுவுக்கேற்ப இரண்டு, மூன்று வரிசையாகப் பெருகும்.

சூட்சுமம் இதுதான்: பாலத்தைத் தூக்கி வைப்பதில்லை, தள்ளுகிறார்கள். கரையில் உருளைகளை வைத்து, பாலத்தின் முன்னே தளம் இல்லாத எலும்புக்கூடு மூக்கு ஒன்றைப் பூட்டுகிறார்கள். எடை குறைந்த அந்த மூக்கு ஆற்றின் மேல் நீளும்போது, கனமான பின்பகுதி கரையிலேயே இருக்கும். ஈர்ப்பு மையம் முன் உருளையைத் தாண்டாதவரை பாலம் கவிழாது. மூக்கின் நுனி தொங்கும் என்பதால், இடையில் இணைப்புத் துண்டு சேர்த்து அதைச் சற்று மேல்நோக்கிக் கோணலாக்குவார்கள். எதிர்க்கரை உருளையில் ஏறியதும் மூக்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்து உருளையை எடுத்துப் பாலத்தைத் தாங்கிகளில் இறக்குகிறார்கள்.

வேலை சிக்குவது பெரும்பாலும் உருளை மட்டத்தில். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் பாலம் முறுக்கிக்கொள்ளும். பிறகு சட்டகத் துளைகள் நேர்ப்படாது, சுத்தியல் போட்டாலும் சட்டகங்களைக் கோக்கும் இரும்பு முளை இறங்காது. வெள்ளம் அரித்த கரையில் அடிப்பலகை புதைவதும் உண்டு. அதனால் கரையைத் தயார் செய்வதுதான் பாலம் பூட்டுவதைவிடப் பெரிய வேலை.

வயநாட்டுப் பாலம் ‘கிளாஸ் 24’, ஏறக்குறைய 24 டன் வண்டி போகலாம். இந்த எண்ணை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜூனில் உத்தராகண்ட் முன்சியாரியில் நடந்தது சாட்சி. மண் வெட்டும் இயந்திரத்தை ஏற்றிய லாரி பெய்லி பாலத்தில் ஏறியது. பாலமும் லாரியும் ஓடையில் கிடந்தன.

முப்பரிமாண அச்சில் ராணுவக் குடியிருப்பு கட்டுகிறார்களே, இனி எல்லாம் அதுதானா?
– சென்னை வாசகர்

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சாம்பெயினில் 500 சதுர அடிக் கூடத்தின் கான்கிரீட் சுவர்களை, குழாய் வழியே கலவையை அடுக்கடுக்காகப் பிதுக்கி, 40 மணி நேரத்தில் அச்சிட்டார்கள். பொறி நன்றாகத்தான் இருக்கிறது. தொல்லை கலவையில். குழாயில் ஓடும் அளவுக்கு இளக வேண்டும், அடுத்த அடுக்கைத் தாங்கும் அளவுக்கு விறைக்கவும் வேண்டும். ஜல்லி பெரிதானால் பம்ப் அடைக்கும். கம்பி வைப்பதற்கு இன்னமும் ஆள் வேண்டும். குண்டுக்குப் பாதுகாப்புச் சுவர்தான் தேவை என்றால், கம்பிவலைப் பெட்டிக்குள் துணி வைத்து ஜே.சி.பி.யால் மண்ணை நிரப்பும் பழைய முறை இன்றைக்கும் அச்சுப் பொறியைவிட வேகம்.