எல்லாமே சுயநலமா?

கேள்வி: மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் வெளியூர்க்காரர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பவர்கூடத் தம் மன நிறைவுக்காகவே கொடுக்கிறார். மனிதன் இயல்பிலேயே சுயநலமி என்கிறேன். மறுக்க முடியுமா? (வாசகர் ஒருவர், குடியாத்தம்)

பதில்: உங்கள் பக்கம் வாதாட ஒரு பெரிய வக்கீலே இருக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ், லண்டன் தெருவில் ஒரு முதியவருக்குப் பிச்சையிட்டதைக் கண்ட பாதிரியார் காரணம் கேட்க, அவர் படும் பாடு தமக்கு வலித்ததென்றும், காசு கொடுத்ததில் அந்த வலி தணிந்ததென்றும் சொன்னதாக அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் முன்பின் தெரியாத கிழவரின் பாடு இவருக்கு ஏன் வலிக்க வேண்டும்?

வேலூர்க்காரர்கள் அறிந்த கதையையே எடுத்துக்கொள்வோம். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர், இளம் வயதில் திண்டிவனத்தில் தந்தையுடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியருக்கு உதவும்படி அவரைக் கேட்டார்கள். ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துப்போக அவர்கள் இசையவில்லை, ஐடாவோ மருத்துவம் படித்தவரல்லர். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். தம் மனக்கலக்கத்தைத் தீர்த்துக்கொள்வதுதான் ஐடாவின் நோக்கமென்றால், அதற்கு எளிய வழி கையிலேயே இருந்தது: அமெரிக்காவுக்குத் திரும்பிவிடவே முதலில் எண்ணியிருந்தவர், போய் மறந்திருக்கலாம். போகத்தான் செய்தார், 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கத் திரும்பி வந்தார்.

பொட்டலம் கொடுப்பவருக்கு நிறைவு கிடைப்பதே, எதிரில் நிற்பவர் பசியாற வேண்டும் என்று அவர் விரும்புவதால்தான். அந்த விருப்பம் இல்லாதவருக்குக் கை வலிதான் மிஞ்சும். விறகடுப்பில் சமைத்தால் புகை வரும் என்பதற்காக, புகைக்காகவே சமைக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஏறக்குறைய இந்த வாதத்தைத்தான் 1726இல் அச்சான தம் பிரசங்கங்களில் ஆங்கிலேயப் பாதிரியாரும் தத்துவவாதியுமான ஜோசப் பட்லர் முன்வைத்தார்.

பொட்டலத்தின் மேல் தம் படத்தை ஒட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் படம் ஒட்டியவரையும் ஒட்டாதவரையும் ஒரே சொல்லால் அழைத்தால், அந்தச் சொல்லுக்கு என்ன வேலை மிச்சம்? எதைக் காட்டினாலும் 'அதிலும் ஒரு நிறைவு' என்று சொல்லிவிடலாமே. ஆகவே, எப்படிப்பட்ட செயலைக் காட்டினால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், தேடிப் பார்க்கிறேன்.