கறுத்த பித்தளையும் புளியும்

கேள்வி (கோத்தகிரி வாசகர்): தேயிலைத் தொழிற்சாலையில் லாரி ஓட்டுநராக இருந்த என் தந்தையார், டயர் கடைகளும் எண்ணெய் நிறுவனங்களும் விளம்பரத்துக்காகக் கொடுத்த கீ செயின்களை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவை எந்தக் காலத்தவை என்று எவ்வாறு அறிவது? கறுத்துப்போன பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: புளி சமையலறையிலேயே இருக்கட்டும். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்தப் பித்தளையில் உள்ள எழுத்துகளில்தான் இருக்கிறது. புளியின் அமிலம் கறுப்பை நீக்கும்போதே எழுத்துப் பள்ளங்களில் நிரப்பிய வண்ணத்தையும் கிளப்பிவிடலாம். கீ செயினில் தொங்கும் வில்லை நிக்கல் முலாம் பூசியதானால், தேய்க்கத் தேய்க்க முலாம் போய் அடியிலுள்ள மஞ்சள் தெரியத் தொடங்கும்.

முகவரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதால், 643 என்று தொடங்கும் நீலகிரி எண்ணோ 600 என்று தொடங்கும் சென்னை எண்ணோ பொறித்த வில்லை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ‘மெட்ராஸ்-2’ என்பதுபோல் ஊர்ப் பெயரை அடுத்து ஓரிரு இலக்கம் மட்டும் இருந்தால், அது பழைய அஞ்சல் வட்டார எண்ணாக இருக்கலாம். ஆனால் இன்றும் ‘சென்னை-2’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள், ஆகவே அதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் அது 1969 ஜனவரிக்கு முந்தையது என்றும், வெறும் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் 1996-க்கு முந்தையது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். மூன்றே இலக்கத் தொலைபேசி எண்ணும் பழமைக்கு ஓர் அடையாளமே.

பாதுகாப்புதான் மலையில் கடினம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை வலுவாகக் கிடைப்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தகரப் பெட்டிக்குள்ளும் ஈரம் ஏறி, பித்தளையில் பச்சைக் களிம்பும் இரும்பு வளையத்தில் துருவும் தோல் பட்டையில் பூஞ்சணமும் பிடிக்கும். களிம்பை மூங்கில் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். துருவேறிய வளையத்தைக் கழற்ற நேர்ந்தால் எறிந்துவிடாதீர்கள். அதுவும் அந்தப் பொருளின் ஒரு பகுதிதான். ரப்பர்போல் வளையும் பிளாஸ்டிக் வில்லைகள் நாளடைவில் பிசுபிசுப்பாகி, அருகிலுள்ள கெட்டிப் பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றைத் தனித்தனிக் காகித உறைகளில் வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வறண்ட பகலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.

ஒவ்வொன்றும் எந்தக் கடையில், எந்த வண்டிக்காகக் கிடைத்தது என்பதைத் தந்தையாருடன் வேலை பார்த்தவர்களிடம் இப்போதே கேட்டு, உறையின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். இத்தகைய சேகரிப்பில் விலையைவிட அந்தக் குறிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.