இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி: ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

கடலூர் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கும் உங்கள் அப்பாவுக்கு நரம்பு அழுந்தியிருப்பதாக டாக்டர் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே 6 முதல் 12 வாரத்தில் வலி தணிந்துவிடும்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல வட்டுகள் இருக்கின்றன. குனிந்தபடி பாரம் தூக்கித் திரும்பும்போது வட்டு பிதுங்கி, பக்கத்தில் இறங்கும் நரம்பின் வேரை அழுத்தலாம். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது நடக்கும். கோளாறு இடுப்பில், வலியோ கெண்டைக்காலில். அதனால் காலில் தைலம் தேய்த்து மட்டும் இது சரியாகாது.

நாள்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டாம், ஓரிரு நாள் போதும். அப்புறம் வலி பொறுக்கிற அளவுக்குத் தெருவில் நடக்கட்டும். மாத்திரையும் பிசியோதெரபியும் டாக்டர் சொன்னபடி. கூடை மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் முதுகில் மிதிக்க விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தினமும் குதிகாலால் நான்கு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பாதம் தொங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் வராமல் நின்றாலோ, தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றிரவே புதுச்சேரி ஜிப்மர் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.