முதுகு வலிக்கும் குதிரைக்கு மாதம் ஒரு ஊசியா?

கேள்வி: பினாங்கில் பந்தயம் ஓடி ஓய்ந்த 14 வயதுக் குதிரையை வாங்கி பாலிக் புலாவில் வைத்திருக்கிறேன். முதுகெலும்பின் முட்கள் உரசுவது எக்ஸ்ரேயில் தெரிகிறது. மாதம் ஒரு ஊசி போட்டால் சிறுவர்களை ஏற்றலாம் என்கிறார் தரகர். போடலாமா?

பதில்: வேண்டாம். சிறுவர்களையும் ஏற்ற வேண்டாம்.

சேணம் அமரும் இடத்தில் எலும்பு முட்கள் நெருங்கி உரசுவதுதான் இந்நோய். பந்தயக் குதிரைகளிடம் இது சாதாரணம். உரசல் தெரியும் எல்லாக் குதிரைக்கும் வலிப்பதில்லை. மருத்துவர் விரலால் அழுத்தும்போது முதுகு சட்டென்று தாழ்ந்து, காது பின்னால் மடங்கினால் வலி உண்டு என்று கொள்ளலாம்.

தரகரின் ஊசி நோயைத் தீர்க்காது, வலியை மறைக்கும். வலி தெரியாத குதிரை மேல் ஆளேற்றிக் காசு பார்ப்பார்கள். 'பியூட்' (ஃபீனைல்பியூட்டசோன்) என்ற வலிநிவாரணித் தூளும் அப்படித்தான். நாள்கணக்கில் கொடுத்தால் குடலும் சிறுநீரகமும் கெடும். 'பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஓட்டிப்போகிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அப்படிப் போன ஒரு குதிரையைச் சவாரிக் கொட்டகையில் பார்த்தேன். முதுகின் இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்கு முடி வெளுத்திருந்தது. சேணம் அழுத்திய தழும்பு அது. வார்ப்பட்டையை எடுத்ததுமே பல்லைக் கடித்தது. 1864-இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தய கிளப் 2025-இல் பந்தயத்தை நிறுத்திவிட்டது. ஓடும்வரை சுமந்த எடையைக்கூடக் கணக்கு வைத்தார்கள். ஓய்ந்த குதிரை எந்தக் கொட்டகைக்குப் போனது என்று ஏன் எவரும் எழுதி வைப்பதில்லை? எத்தனை முறை கேட்டும் எனக்குப் பதில் வந்ததில்லை.

லாயத்தில் கட்டிப்போடாதீர்கள். வெயில் ஏறுமுன் கையில் பிடித்து நடத்துங்கள். புல்லைத் தரையிலேயே போடுங்கள். கேரட்டை முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்த்திக் காட்டுங்கள். தலை குனிந்து அதைத் தேடும்போது முதுகு வில்லாக எழும், முட்களுக்கிடையே இடைவெளி கூடும். தினமும் ஐந்தாறு முறை போதும். நேப்பியர் புல்லோடு தவிட்டை மட்டும் கொடுத்து வளர்க்காதீர்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. எலும்பு பலமிழந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நடத்தச் சொன்னேன் அல்லவா? பின்னங்கால் தள்ளாடினால் நடத்தவே கூடாது. முதுகு வலிக்கும் குதிரை இறுகி நடக்கும், காலை எங்கே வைக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். நரம்பு கெட்ட குதிரைக்கு அது தெரியாது. சின்ன வட்டமாகத் திருப்பிப் பாருங்கள். கால் பின்னிக்கொண்டாலோ, குளம்பின் முனை மண்ணில் இழுபட்டாலோ நிறுத்திவிடுங்கள். கேரட் பயிற்சியும் அன்று வேண்டாம். தரகரை அழைக்காதீர்கள். மண்ணில் விழுந்த அந்த இழுதடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.