ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள்: கேள்வி பதில்

கேள்வி: 1967 பொது வாக்கெடுப்பில்தானே பூர்வகுடிகளுக்கு ஓட்டுரிமை கிடைத்தது?

இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை 1962-லேயே எல்லோருக்கும் வந்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 127-ஆம் பிரிவுதான் 1967-ல் போனது. அவர்களுக்காகச் சட்டம் போடும் அதிகாரம் மத்திய அரசுக்கும் வந்தது. அவர்களைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: அதுவரை அவர்களைச் செடி, விலங்குகளோடு சேர்த்து வைத்த 'தாவர, விலங்குச் சட்டத்தின்' கீழ் இருந்தார்களாமே?

அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லை. பகிராதீர்கள்.

கேள்வி: பூர்வகுடிகளே அப்படிச் சொல்கிறார்களே, அவர்கள் பொய் சொல்கிறார்களா?

நிச்சயமாக இல்லை. பட்ட அவமானத்தைச் சொல்கிறார்கள். ஆனால் இல்லாத சட்டத்தை நாம் எடுத்துக்காட்டினால், நடந்ததை மறுக்கிறவர்களுக்கு வேலை சுலபம். இருந்த சட்டத்தைச் சொல்லுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905 சட்டப்படி, 16 வயது வரை பூர்வகுடிக் குழந்தைக்குச் சட்டப்படியான காப்பாளர் தலைமைப் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரி. பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போதே! 1910 முதல் 1970 வரை பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டதாக 1997 விசாரணை அறிக்கை சொல்கிறது.

கேள்வி: அதற்குத்தான் பிரதமர் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே?

கேட்டார், 2008 பிப்ரவரி 13-ல். அதே 1997 அறிக்கை இழப்பீடும் கேட்டிருந்தது. மன்னிப்போடு அது வரவில்லை.

கேள்வி: 1967-க்கு முன் ஓட்டே இல்லை என்று படித்தேனே?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பூர்வகுடிகள் அங்கீகாரம் கேட்பது சமீபத்தில் தொடங்கியதுதானே?

அதற்குத் தொண்ணூறு வயதாகிறது. 1930-களில் பூர்வகுடித் தலைவர் வில்லியம் கூப்பர் 1,814 பேரின் கையொப்பம் திரட்டி, நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று மன்னருக்கு மனு எழுதினார். அரசு அதை மன்னருக்கு அனுப்பவே இல்லை.

அப்புறம் 1963-ல், ஆஸ்திரேலியாவின் வடக்கில் உள்ள யிர்க்கலா. பாக்சைட் சுரங்கத்துக்காகத் தங்களைக் கேட்காமலே நிலத்தை எடுத்ததும் அங்குள்ள பூர்வகுடிகளான யோல்ங்கு மக்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவைத் தட்டச்சு செய்தார்கள். அந்தத் தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குல ஓவியங்களைத் தீட்டி அனுப்பினார்கள். நிலம் யாருடையது என்பதற்கு அந்த ஓவியங்கள்தான் அவர்களுக்குப் பட்டா. நாடாளுமன்றம் மனுவை வாங்கிக்கொண்டது. சுரங்கம் நிற்கவில்லை.

கேள்வி: 2023 பொது வாக்கெடுப்பில் பூர்வகுடிகளின் கோரிக்கையை மக்களே வேண்டாம் என்றுவிட்டார்களே, இன்னும் என்ன?

சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களிலும். சரி, கேட்டது என்ன? கூப்பர் நாடாளுமன்றத்தில் இடம் கேட்டார். 2023-ல் கேட்டது ஆலோசனை சொல்ல ஒரு குழு மட்டும். அதன் பேச்சை நாடாளுமன்றம் ஏற்க வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது.