இரவும் பகலும் நார்ப்பொடி குடித்தால் எடை குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 80 கிலோ. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தினமும் காலை ஆறு மணிக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் 'வெல்னஸ் கோச்' என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் கொடுத்த நார்ச்சத்துப் பொடியைக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் குடித்துவருகிறேன். பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்தது. ஆனால் தினமும் மூன்று நான்கு முறை வயிறு போகிறது. கழிவெல்லாம் வெளியேறுகிறது என்கிறார். டப்பாவின் பின்பக்கம் இசப்கோல், ஆளிவிதை, கேசியா அங்குஸ்டிஃபோலியா என்று போட்டிருக்கிறது. தொடரலாமா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தொடர வேண்டாம், அம்மா. அந்த டப்பாவை இன்றே மூடி வையுங்கள். ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதன் பின்பக்கம் பிறகு தேவைப்படும்.

நீங்கள் எழுதியனுப்பிய மூன்றாவது பெயர் வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடைகளில் நிலாவாரை என்று கிடைக்கும் பேதி இலைதான். நெல்லை, தூத்துக்குடி மானாவாரிக் காடுகளில் விளைந்து கப்பலேறும் இந்த இலையை உலக மருந்து நூல்கள் திருநெல்வேலி சென்னா என்றே குறிப்பிடுகின்றன. மலச்சிக்கலுக்குச் சில நாள் கொடுக்கத்தக்க நல்ல மருந்து அது; எடை குறைக்கும் மருந்து அல்ல. சோற்றின் சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிலாவாரையோ அதற்கு அப்பால் இருக்கும் பெருங்குடலைத்தான் முடுக்குகிறது. எனவே உங்களுக்குக் குறைந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீரே தவிர கொழுப்பு அல்ல. தண்ணீரோடு பொட்டாசியம் போன்ற உப்புகளும் போயிருக்கும். பொடியை நிறுத்தியதும் அந்த எடை சில நாளில் திரும்பும், ஓரிரு நாள் மலம் இறுகவும் செய்யலாம். அதைக் காட்டி, 'நிறுத்தியதால்தான் ஏறியது' என்று அவர் அடுத்த டப்பாவை நீட்டுவார், வாங்காதீர்கள்.

நார்ச்சத்தால் பசி அடங்குவது உண்மைதான். தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி வயிற்றை நிரப்பும் நார், உணவு இரைப்பையைவிட்டு நகர்வதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஆனால் அதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். செல்லுலோஸிலிருந்து செய்து, வயிற்றில் ஊதி இடத்தை அடைக்கும் ஒரு மாத்திரைக்கு அமெரிக்க அரசு 2019-இல் அனுமதி கொடுத்தது. 24 வாரச் சோதனையில் அதை விழுங்கியவர்களுக்குச் சராசரியாக 6.4 சதவீதமும், சத்தற்ற போலி மாத்திரை விழுங்கியவர்களுக்கு 4.4 சதவீதமும் எடை குறைந்தது. இரு சாராருமே உணவைக் குறைத்து, நடையும் நடந்தவர்கள். உங்கள் எடைக்குக் கணக்குப் பார்த்தால் ஐந்தரை மாதத்தில் மாத்திரையின் பங்கு ஒன்றரை கிலோ சொச்சம், மீதியெல்லாம் உணவுக் கட்டுப்பாடு, நடை ஆகியவற்றின் பங்கு. பத்து நாளில் இரண்டு கிலோ என்பது எந்த நாராலும் ஆகாத காரியம்.

இப்போது அந்தப் 'பயிற்சியாளர்' விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறை ஒன்றில் எடைக்கருவி, சுவரில் 'முன்பு, பின்பு' படங்கள், 'உங்கள் உடலுக்கு வயது 58' என்று பயமுறுத்தும் ஒரு இயந்திரம், பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் கமிஷன்: இந்த ஏற்பாடு பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரை ஒரே அச்சில் நடக்கிறது. படிப்பைக் கேட்டால் இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைக் காட்டுவார்கள். உடற்பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்யக் கூடாதென 1954-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் டப்பாவின் மேல் 'உணவுத் துணைப்பொருள்' என்று அச்சிட்டுவிட்டால் அது மருந்தே அல்ல என்றாகிவிடுகிறது. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டுதான். திண்ணையில் உட்கார்ந்து வாயால் சொல்லும் பொய்யை எந்த அதிகாரி வந்து மாதிரி எடுப்பார்? டப்பாவிலுள்ள 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி 'அரசே ஒப்புக்கொண்டது' என்பார்கள். அந்த எண் தொழில் நடத்த வாங்கிய உரிமத்துக்கு உரியது, எடை குறையும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று அல்ல.

இசப்கோல் மட்டும் வேண்டுமென்றால் மருந்துக் கடையில் தனியாகவே கிடைக்கிறது. ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலக்கி, கூழாகுமுன் குடித்து, மேலும் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். உலர்ந்த பொடியாக வாயில் போட்டுக்கொள்வதும், குடித்தவுடன் படுப்பதும் கூடாது. 1990 வாக்கில் அமெரிக்காவில் எடை குறைக்க விற்ற குவார் பசை மாத்திரைகள், அதாவது நம் சீனி அவரைக்காயின் விதையிலிருந்து எடுத்த பசை, தொண்டைக்குக் கீழே ஊதி அடைத்துப் பலரை மருத்துவமனைக்கு அனுப்பின.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது தைராய்டு மாத்திரை. நாரின் கூழில் அது சிக்கிக்கொண்டால் உடலில் சேரும் அளவு குறையக்கூடும். ஆறு மணிக்கு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்கு முன் பொடி என்ற உங்கள் வழக்கம் சரியில்லை. இனி தனி இசப்கோல் பொடி குடிப்பதானாலும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அதாவது காலைப் பொடியே வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கு முன் குடித்தால் போதும். காலையில் மறந்து பதினொரு மணிக்கு மாத்திரை எடுக்கும் நாளில் மதியப் பொடியையும் விட்டுவிடுங்கள். மருத்துவர் சொல்லி இரவு படுக்கும்போது மாத்திரை எடுப்பவர்களானால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பொடி கூடாது. பொடி குடிப்பதால் மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எடை ஏறும்.

ஒரு நாளைக்கு 25 கிராம் நாராவது உணவிலிருந்தே வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து கிராம் இசப்கோலில் சுமார் நான்கு கிராம் நார். ஐம்பது கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் பன்னிரண்டு. தை மாதம் பனங்கிழங்கு, மற்ற நாளில் தட்டப்பயறு, சீனி அவரைக்காய்ப் பொரியல் என்று தட்டில் கூட்டி, சோற்றை ஒரு கரண்டி குறையுங்கள். சொதி வைக்கிற நாளில் ஒரு கரண்டி போதாது, இரண்டாகக் குறையுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்புக் கணக்கு தனி.

கால் தளர்ச்சியோ படபடப்போ இருந்தால் டப்பாவோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் சென்று பொட்டாசியம் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாப் பொடியை நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச் என்ற தைராய்டு இரத்தச் சோதனை செய்யுங்கள். அந்த முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.